கொஞ்சம் மஞ்சளாகவே இருக்கட்டும்

முன்பல்லுக்கு கேப் போடவும் பல்செட் கட்டவும் அளவு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துவரும் மகன், மகள், மருமக்களுக்கும் வணக்கம்.

நீங்கள் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். டாக்டர் உங்கள் வாயில் அளவெடுத்து அனுப்பினால், அதை வைத்துப் பல்லைச் செய்து திருப்பி அனுப்பும் பல் லேபில் செராமிக் கட்டுகிறவன் நான். எனக்கு வருவது உங்கள் பல்வரிசையின் மாதிரியும் ஒரு சீட்டும்தான். சீட்டில் எந்தப் பல் என்று எண் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, ஷேடு (பல்லின் நிற எண்) என்று மூன்று கட்டங்கள். முகம் தெரியாத ஒருவருக்கு முன்பல் செய்ய எனக்குக் கிடைக்கும் தகவல் அவ்வளவுதான்.

கொஞ்ச காலமாக இந்த மூன்று கட்டங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. வயது 64 என்று இருக்கும். ஷேடு கட்டத்தில் வரிசையிலேயே வெளுத்த ‘பி1’ என்றோ, ‘முடிந்தவரை வெள்ளையாக’ என்றோ எழுதியிருக்கும். கூடவே போட்டோ வந்தால் அதில் பக்கத்துப் பல் தேன் நிறத்தில் நிற்கும். கேட்டால், “பேஷன்ட் வீட்ல கேக்கறாங்க, போட்டுக் குடுத்துருங்க” என்பார்கள். போட்டுக் கொடுப்போம். ஒரு மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து புகார் வரும்: “பொய்ப்பல் மாதிரி தனியாத் தெரியுதுங்களாம்.” கேப்பை உடைத்து எடுத்து, மறுபடி அளவு, மறுபடி செலவு. அந்தப் பல் திரும்பி வராமல் இருக்கத்தான் இந்த மடல்.

பல்லின் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. வெளியே இருக்கும் எனாமல் ஒரு வெள்ளைப் பூச்சு, அதன்மேல் அழுக்குப் படிந்தால் மஞ்சள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எனாமல் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு தாதுப்பொருள். உடம்பில் அதைவிடக் கெட்டியான பொருள் கிடையாது. ஆனால் அது முழு வெள்ளையும் கிடையாது, பாதி ஊடுருவத் தெரியும் பொருள். ஒளியைக் கொஞ்சம் சிதறவிட்டு, மீதியை உள்ளே அனுப்பிவிடும். உள்ளே இருப்பது டென்டின். அது பிறவியிலேயே மஞ்சள். கண்ணாடியில் நீங்கள் பார்க்கும் நிறத்தில் பெரும்பங்கு, எனாமலின் வழியாகத் தெரியும் அந்த டென்டினுடையது.

கோரைப்பல்லைக் கவனித்திருப்பீர்கள். முன்னிரண்டு பற்களைவிட எப்போதும் ஒரு படி அதிக மஞ்சளாக இருக்கும். யாரும் கோரைப்பல்லை மட்டும் தேய்க்காமல் விடுவதில்லை. அதில் டென்டின் திரட்சி அதிகம், அவ்வளவுதான். ஒரே பல்லிலும் ஈறோரத்தில் மஞ்சள் கூடுதலாக இருக்கும். விளிம்புப் பக்கம் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கிற எனாமல் கழுத்துப் பக்கம் போகப்போகக் கத்தி முனையாகக் குறைந்துவிடுவதுதான் காரணம். ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும்போது “புதுப் பல்லே மஞ்சளா வருதே” என்று தாய்மார்கள் பதறுவதும் இதனால்தான். பால்பல்லின் எனாமல் ஊடுருவு தன்மை குறைந்தது, பால் போல் தெரியும். நிரந்தரப் பல் அப்படி இருக்காது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்தச் சில வருடங்கள்தான் கண்ணை உறுத்தும்.

நாங்கள் கேப் கட்டுவதும் இந்த வரிசையில்தான். அடியில் உலோகமோ ஜிர்கோனியாவோ இருக்கும். உலோகமென்றால் அதன் கருமையை மறைக்க ஓபேக் பூசிச் சுட வேண்டும். அதன்மேல் டென்டின் பவுடரைக் குழைத்து பிரஷ் நுனியில் எடுத்து எடுத்து வைத்துப் பல்லுக்கு உடம்பு கொடுப்போம். விளிம்பை நோக்கி எனாமல் பவுடர். ஃபர்னஸில் வெந்தால் சுருங்கும் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே கட்டுவோம். நீங்கள் ஷேடு என்று கேட்பது பெரும்பாலும் அந்த டென்டின் பவுடர் டப்பாவின் எண்.

இருபது வயதுக்காரருக்குக் கட்டும் பல்லின் விளிம்பில் நீலச்சாம்பல் சாயல் ஒன்று விட வேண்டும். அந்த இடத்தில் டென்டின் கிடையாது. எனாமல் மட்டும் இருக்கும், வாய்க்குள் இருக்கும் இருட்டு அதன் வழியே கசியும். பல்லின் முகத்தில் குறுக்குவாட்டில் மயிரிழையாக வரிகள் ஓட வேண்டும். இளம் பல்லில் அவை இருக்கும், நகத்தால் தடவினால் தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். ஒளியைச் சிதறடித்து அந்த வயதுப் பல்லுக்கு வெண்மை கூட்டுவதில் இந்த வரிகளுக்கும் பங்குண்டு.

அறுபதைத் தாண்டியவருக்குக் கட்டும்போது இதில் பலவற்றை எடுத்துவிட வேண்டும். விளிம்பு தேய்ந்து நேர்கோடாகியிருக்கும். நீலச்சாம்பல் இருந்த பகுதியே தேய்ந்து போயிருக்கும். நன்றாகத் தேய்ந்தவர்களுக்கு விளிம்பில் டென்டின் ஒரு கோடாக எட்டிப் பார்க்கும், அதில் இத்தனை வருட டீயும் காபியும் இறங்கிப் பழுப்பாக இருக்கும். குறுக்கு வரிகள் போய் முகம் வழவழப்பாகப் பளபளக்கும். மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய விரிசல்களில் ஒன்றிரண்டில் காவி ஏறியிருக்கும். ஈறு இறங்கியவர்களுக்கு வேரின் மேற்பகுதியும் வெளியே தெரியும். அங்கே எனாமலே கிடையாது, சுத்த மஞ்சள். நான்கு முன்பற்களில் மூன்று இப்படி நிற்க, நடுவில் ஒன்றை மட்டும் பி1 ஷேடில் வரி போட்டு நீல விளிம்பு வைத்துக் கட்டினால், எட்டடி தள்ளி நிற்பவருக்கும் அது மட்டும்தான் தெரியும்.

வயதானால் ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு இரண்டு பக்கமும் காரணம் இருக்கிறது. எனாமலை உண்டாக்கும் செல்கள், பல் ஈறைக் கீறிக்கொண்டு வெளியே வருவதோடு அழிந்து போகின்றன. அதன்பிறகு எனாமல் வளராது, தேய்ந்தால் தேய்ந்ததுதான். டென்டின் அப்படியில்லை. பல்லின் நடுவில் இருக்கும் கூழைச் சுற்றி வரிசையாக நிற்கும் செல்கள், பல் உயிரோடு இருக்கும்வரை உள்பக்கமாக டென்டினைப் படியவைத்துக்கொண்டே இருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளையின் எக்ஸ்ரேயில் முன்பல்லின் கூழறை அகலமாகத் தெரியும். எழுபது வயதுக்காரருக்கு அது ஒரு நூலாகச் சுருங்கியிருக்கும், சிலருக்கு வேர் சிகிச்சை செய்ய டாக்டர் வாயிலைத் தேட வேண்டியிருக்கும். டென்டினுக்குள் ஓடும் நுண்குழாய்களும் தாதுவால் அடைபட்டுப் போகும். மேலே மெலிந்து, இன்னும் ஊடுருவத் தெரிகிற எனாமல், கீழே தடித்து அடர்ந்த டென்டின். மஞ்சள் கூடாமல் என்ன செய்யும்?

இது நோய் கிடையாது, பல் விளக்காததன் தண்டனையும் கிடையாது. தடயவியல்காரர்கள் இறந்தவரின் வயதைச் சொல்லப் பல்லையே நம்புகிறார்கள். 1950-இல் ஸ்வீடனைச் சேர்ந்த கோஸ்டா குஸ்டாஃப்சன் பல்லில் வயது விட்டுச்செல்லும் ஆறு தடங்களை எண்ணிட்டு ஒரு முறை வகுத்தார்: விளிம்புத் தேய்வு, உள்ளே படியும் டென்டின், ஈறு இறக்கம், வேரின் மேல் படியும் சிமென்டம், வேர் நுனியின் கரைவு, வேர் கண்ணாடி போல ஊடுருவத் தெரிய ஆரம்பிப்பது. நிறம் அவர் பட்டியலில் இல்லை. பிறகு 1980களில் நார்வேயின் தோரே சோல்ஹைம் நிறத்தையும் வயதோடு வைத்துப் பார்த்தார். வயது ஏற ஏறப் பல் இருண்டு மஞ்சளாகிறது என்பதை உயிரோடு இருப்பவர்களின் வாயில் கருவி வைத்து அளந்தவர்களும் நாடு நாடாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

ஆணா பெண்ணா என்ற கட்டத்துக்கு வந்தால்தான் தகராறு.

எங்கள் தொழிலில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. ஷேடு எழுதாமல் சீட்டு வந்து, டாக்டர் போனை எடுக்காவிட்டால், பெண்ணென்றால் ஒரு படி வெளுப்பாகவும் ஆணென்றால் ஒரு படி மங்கலாகவும் டப்பாவைத் திறப்பார்கள். இதற்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1955 தொடங்கிச் சில ஆண்டுகள் அமெரிக்காவின் ஜான் ஃப்ரஷ், ரோலண்ட் ஃபிஷர் என்ற இரண்டு பல் மருத்துவர்கள் தொடராகக் கட்டுரைகள் எழுதினார்கள். பல்செட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பல்லை அடுக்காதீர்கள், ஒருவரின் பாலினம், ஆளுமை, வயது மூன்றும் பல்லில் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வாதம். பெண்ணுக்கு வளைந்த மென்மையான பல், ஆணுக்குச் சதுரமான உறுதியான பல் என்று போனது அவர்கள் கணக்கு. வயதைப் பற்றி அவர்கள் சொன்னதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன். வயதானவருக்கு விளிம்பைத் தேய்த்துக் கொடு, நிறத்தை ஆழமாக்கு என்பது சரிதான். பாலினத்தைப் பற்றிச் சொன்னது அந்தக் காலத்து அமெரிக்கா பெண்ணைப் பற்றி என்ன நினைத்ததோ அதைப் பல்லில் ஏற்றியது மட்டுமே. பின்னால் வெறும் பற்களின் படத்தை மட்டும் காட்டி ஆணா பெண்ணா என்று கேட்டுப் பார்த்தபோது, பல் மருத்துவர்களாலேயே நம்பிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் நிறத்தில் ஆண் பெண் வித்தியாசமே இல்லையா என்று கேட்பீர்கள். சராசரியில் கொஞ்சம் உண்டு. பெண்களின் பற்கள் சற்று வெளுப்பாகவும் மஞ்சள் குறைவாகவும் இருப்பதாகப் பல அளவீடுகள் சொல்கின்றன. வித்தியாசமே தெரியவில்லை என்று சொல்லும் அளவீடுகளும் இருக்கின்றன. இருப்பதாகச் சொல்பவர்கள் காட்டுவதும் சிறியதுதான். இரண்டு பெண்களுக்கு நடுவிலும் இரண்டு ஆண்களுக்கு நடுவிலும் இருக்கும் வித்தியாசம் அதைவிடப் பெரியது. முப்பது வயது ஆணையும் அறுபது வயதுப் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்தினால், பல் வெளுப்பில் பெரும்பாலும் அந்த ஆண்தான் முந்துவார்.

காரணம் தேடினால் இரண்டு கிடைக்கின்றன. ஆண்களின் பற்கள் சராசரியாகக் கொஞ்சம் பெரியவை, அந்தக் கூடுதல் பெருமளவு டென்டினில் இருக்கிறது. பெண்களின் பல்லில் மொத்தத்தோடு ஒப்பிட்டால் எனாமலின் பங்கு சற்று அதிகம். மஞ்சள் சற்றுக் குறைவாகத் தெரிய அது இடம் கொடுக்கும். இரண்டாவது காரணம் பழக்கம். 2016-17-இல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஆண்களில் 42.4 விழுக்காட்டினரும் பெண்களில் 14.2 விழுக்காட்டினரும் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தியிருக்கிறார்கள். பீடியும் சிகரெட்டும் மெல்லும் புகையிலையும் பல்லுக்கு என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் போய் ஆண் பல்லின் இயற்கை நிறம் என்று கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

பாலின அடையாளம் பல்லில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. எனாமலைக் கட்டும் அமெலோஜெனின் என்ற புரதத்துக்கு எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணு, ஒய் குரோமோசோமில் சற்று வேறுபட்ட இன்னொன்று. ஆணின் எனாமலில் இரண்டின் தடயமும் இருக்கும். இத்தாலியில் மொடேனா நகரில் 2009-இல் ஒரு பழைய இடுகாட்டைத் தோண்டியபோது, கையோடு கை வைத்துப் புதைக்கப்பட்ட இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன. கி.பி. 4 முதல் 6-ஆம் நூற்றாண்டுக்குள் இறந்தவர்கள். ‘மொடேனா காதலர்கள்’ என்று பெயர் வைத்து, ஆணும் பெண்ணும் என்றே பத்து வருடம் உலகம் பேசியது. 2019-இல் அவர்களின் எனாமலிலிருந்து அந்தப் புரதத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். இருவருமே ஆண்கள். அந்தப் பற்களின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து அதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

பெண்களின் பல் வெள்ளையாகத் ‘தெரிவதில்’ வேறு சில சங்கதிகளும் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பது கருமையாக இருந்தால் பல் வெளுப்பாகப் படும். அதனால்தான் மாநிறத்துக்காரர்களின் சாதாரண ஏ3 பல்லும் சிரிக்கும்போது பளிச்சென்று இருக்கும். நீலம் கலந்த சிவப்பில் லிப்ஸ்டிக் போட்டால் பல்லின் மஞ்சள் அடங்கித் தெரியும், ஆரஞ்சு கலந்ததில் எடுப்பாகத் தெரியும். இதெல்லாம் கண்ணின் வேலை. பல் அதே பல்தான்.

சில டாக்டர்கள் முன்பல் என்றால் ஷேடு பார்க்க எங்களையே நேரில் வரச் சொல்வார்கள். அப்படிப் போன ஒரு நாள். நாற்காலியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும். மேலே முன்னிரண்டில் இடதுபக்கப் பல் உடைந்து வேர் சிகிச்சை முடிந்திருந்தது. கூட மகள். பேரன் கல்யாணம் ஒரு மாதத்தில். நிறமாதிரித் துண்டுகள் அடுக்கிய ஷேடு கைட்டை நான் எடுத்ததும் மகள் விரல் நேராகப் பி1-க்குப் போனது.

“அம்மா, இதே போட்டுக்கோங்கம்மா. போட்டோ, வீடியோன்னு எடுப்பாங்க.”

“மத்த பல்லெல்லாம் என்ன பண்றது கண்ணு?”

“அதைக் கிளீன் பண்ணிக்கலாம். லேடீஸ்னா பல்லு வெள்ளையா இருந்தாத்தானுங்க நல்லாருக்கும்?” என்றார் மகள், என்னைப் பார்த்து.

நான் பி1 துண்டை டீச்சரம்மாவின் முழுப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பிறகு மஞ்சள் கூடிய ஏ3.5 வைத்தேன். அவர் கண்ணாடியைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். “தம்பி, பேரன் கல்யாணத்துல பொண்ணைத்தான பாக்கோணும். என் பல்லைப் பாத்தாங்கன்னா வேலை கெட்டுப் போச்சுங்களே” என்றார். ஏ3.5 கட்டி, நுனியைத் தேய்த்து, பக்கத்துப் பல்லில் இருந்த விரிசல் போலவே ஒன்றை ஸ்டெயினால் இழுத்துக் கொடுத்தேன். அது திரும்பி வரவில்லை.

அம்மாக்கள் விஷயத்தில் இந்த மகள் சொன்னதை நான் நிறையக் கேட்கிறேன். அப்பாவுக்குப் “பொருத்தமா இருந்தாப் போதும்” என்பவர்களே அம்மாவுக்கு “வெள்ளையா” என்கிறார்கள். பெண் பார்க்கும் காலத்திலிருந்து மஞ்சள் பல்லை ஒரு குறையாகச் சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டோம். முப்பது வருடம் சமைத்து, டீ குடித்து, பிள்ளை பெற்று வளர்த்த வாயில் இருபது வயதுப் பல் எதற்கு?

ஷேடு கைட் என்றேன், அதைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஊர் கிளினிக்குகளில் பெரும்பாலும் இருப்பது ஜெர்மனியின் பாட் சேக்கிங்கன் ஊரில் இருக்கும் வீட்டா கம்பெனி 1956-இல் கொண்டுவந்த வகை. பதினாறு பீங்கான் துண்டுகள். ஏ என்றால் செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். வெளுப்பு வரிசையில் அடுக்கினால் பி1 முதலில், சி4 கடைசியில். அந்தப் பதினாறில் வெளுத்த முனைக்கும் அப்பால், பல்லை மருந்து போட்டு வெளுக்க ஆரம்பித்த பிறகுதான் தனியாகத் துண்டுகள் செய்தார்கள். சினிமாக்காரர்கள் போட்டுக்கொள்ளும் நிறம் அந்தத் தனித் துண்டுகளில் இருக்கிறது. விளம்பரத்தில் பார்த்த நிறம் இந்தப் பதினாறில் தேடினால் கிடைக்காது.

கறையையும் நிறத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெற்றிலைக் காவி, டீக்கறை, புகையிலைக் கறை, ஈறோரக் காரை எல்லாம் மேலே ஏறியவை. கிளினிக்கில் சுத்தம் செய்தால் போய்விடும். ஷேடு பார்க்கும் முன்பே அதைச் செய்துகொள்ள வேண்டும். கறை மேல் ஷேடு பார்த்து நான் கேப் கட்டி, பிறகு நீங்கள் சுத்தம் செய்துகொண்டால், என் கேப் மட்டும் கறையோடு நிற்கும். சுத்தம் செய்த பிறகும் இருக்கும் மஞ்சள் உங்களுடையது. ஒரே ஒரு பல் மட்டும் சாம்பலாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறினால் அதை வயதின் கணக்கில் எழுதாதீர்கள். உள்ளே கூழ் செத்திருக்கலாம், அல்லது பல் உள்ளிருந்து கரைய ஆரம்பித்திருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம் அது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வரும் சீட்டுகள் தனிக் கதை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள ஊர்கள். பல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் எனாமலிலேயே வெள்ளைத் திட்டும் பழுப்புத் திட்டும் விழுந்துவிடும். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவர்களின் பல்லில் இது வராது, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததற்கு இதுவே பெரிய காரணம். அதற்கு முன்பே அந்த வயதைத் தாண்டியவர்களின் பல்லைப் புதுத் தண்ணீர் மாற்றாது. அவர்களுக்குக் கேப் கட்டும்போது திட்டுகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். வேண்டாம் என்பவர்கள் முன்வரிசை முழுவதையும் பற்றி டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். ஒன்றை மட்டும் சுத்தமாகக் கட்டினால் மற்ற பற்களின் திட்டு இன்னும் பெரிதாகத் தெரியும்.

மஞ்சளைத் தேய்த்து எடுக்கப் பார்ப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. அந்தக் காலத்தில் செங்கல் பொடி, சாம்பல், உப்பு, கரி. இந்தக் காலத்தில் அதே கரி டியூபில் அடைத்து விலை கூடி வருகிறது. கரி பேஸ்ட் பல்லின் இயற்கை நிறத்தை வெளுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. முரட்டுப் பொடியும் முரட்டு பிரஷ்ஷும் கழுத்துப் பக்கத்து மெல்லிய எனாமலைத்தான் முதலில் அரிக்கும். அரித்தால் உள்ளே இருக்கும் டென்டின் வெளியே வரும். மஞ்சள் போக வேண்டும் என்று தேய்த்தவரின் பல்லில் மஞ்சள்தான் கூடும், கூடவே கூச்சமும் வரும். மாதிரியில் கழுத்தோரம் ஆப்பு வைத்தது போல வெட்டு விழுந்த பற்களைப் பார்த்தாலே, வீட்டில் எப்படிப் பல் விளக்குகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உண்மையிலேயே வெளுக்க வேண்டுமென்றால் மருந்து இருக்கிறது. பெராக்சைடு. எனாமலைத் தாண்டி உள்ளே போய் நிறப்பொருளைச் சிதைக்கும். இரவில் தட்டில் ஜெல் வைத்துப் பல்லில் மாட்டிக்கொள்ளும் முறையை 1989-இல் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதினார்கள். பத்து விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் இதைக் கடையில் கேட்டவுடன் கொடுக்கும் பொருளாக விடவில்லை. 0.1 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் முதல் தடவை பல் மருத்துவர் மேற்பார்வையில்தான், ஆறு விழுக்காட்டுக்கு மேல் கிடையாது, பதினெட்டு வயதுக்குக் கீழே கூடாது. வயதின் மஞ்சள் இந்த மருந்துக்கு ஓரளவு நன்றாகவே கேட்கும், சாம்பல் அவ்வளவு கேட்காது. சில நாள் கூச்சம் இருக்கும். காலம் போகப்போக நிறம் கொஞ்சம் திரும்பும்.

வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் பல், உங்கள் விருப்பம். ஆனால் வரிசை முக்கியம். மருந்து பல்லை மட்டும்தான் வெளுக்கும், கேப்பையும் பல்லில் அடைத்த சிமென்டையும் தொடாது. வெளுக்க ஆசையிருந்தால் முதலில் அதை முடியுங்கள். நிறம் நிலைக்க இரண்டு வாரமாவது விடுங்கள். பிறகு ஷேடு எடுக்கட்டும். கேப் போட்ட பிறகு வெளுத்தால், இரண்டு மாதத்தில் கேப் மட்டும் மஞ்சளாக நிற்கும், பழி லேபின் மேல் விழும்.

கடைசியாக, ஷேடு எடுக்கும் நாளைப் பற்றி. பகலில் போங்கள். ஜவுளிக்கடையில் டியூப்லைட்டில் பிடித்த புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் யாராவது எடுக்கிறீர்களா? பல்லுக்கும் அதே வெளிச்சம் வேண்டும். லிப்ஸ்டிக் போடாமல் போங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளிலும் சிவப்பிலும் உடுத்தாதீர்கள், உடுத்தியிருந்தால் டாக்டர் சாம்பல் துணி போர்த்துவார், சங்கடப்படாதீர்கள். வாயைத் திறந்தபடி பஞ்சு வைத்து வேலை முடித்த பிறகு ஷேடு எடுக்க விடாதீர்கள். பல் காய்ந்தால் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும், எச்சில் பட்டு ஈரமாகிப் பழைய நிறத்துக்கு வர நேரமாகும். உட்கார்ந்தவுடன் முதல் வேலை ஷேடு என்று நீங்களே கேளுங்கள். முழுப் பல்செட் கட்டுபவர்களுக்கு ஒப்பிடப் பக்கத்துப் பல் இருக்காது, அதனால் பல் தெரியச் சிரித்திருக்கும் பழைய போட்டோ ஒன்று கொண்டுபோங்கள். கல்யாண போட்டோ வேண்டாம், ஐம்பது வயதை ஒட்டி எடுத்தது இருந்தால் நல்லது.

பிள்ளைகளே, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள். நிறத்தை அவர்கள் சொல்லட்டும்.

கேப்பை ஒட்டுவதற்கு முன் டாக்டர் பல்லில் வைத்துக் காட்டுவார். அப்போதே வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பாருங்கள், பிடிக்காவிட்டால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். ஒட்டாத கேப் என்றால் ஸ்டெயின் போட்டு மறுபடி சுட்டுச் சரிசெய்து விடலாம். ஒட்டிய கேப்பை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பல்லைக் கட்டும் லேப்காரன்